மூணாம் லயமா, எட்டாங்கட்டையா?

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு ஞாயிறு பின்னேரம், கட்டுகஸ்தோட்டையில் ஒரு தேநீர்க்கடையின் மேல்மாடியில், இரண்டு ரொக் இசைக்குழுக்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தன.

2. மேசையில் என் கணினி இருந்தது. இரண்டு குழுக்களின் பேர்போன பாடல்களும் அதில் ஒன்றின்கீழ் ஒன்றாகத் திறந்திருந்தன.

3. இரண்டு பாட்டிலும் டிரம்ஸ் அடி ஒன்றுதானா என்று என்னைக் கேட்டார்கள். ஒன்றுதான் என்றேன்.

4. ஒரு வெற்றிலை வந்தது. அதன்மேல் சூடம் வைத்துக் கொளுத்தினார்கள்.

5. இரண்டு குழுக்களுக்கும் டிரம்ஸ் அடித்தவன் லோகேஸ். ஒரு குழுவின் அடியை மற்றக் குழுவுக்குக் கொடுக்கவில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணும்படி அவனிடம் சொன்னார்கள்.

6. அவன் கையை நீட்டினான். பிறகு எடுத்துக்கொண்டான்.

7. அவன் பேசினான்.

8. சூடம் தானாக எரிந்து முடிந்தது. வெற்றிலை கருகி மேசை விரிப்பில் ஒட்டிக்கொண்டது.

அந்த விரிப்பு பூப்போட்ட பிளாஸ்டிக். உருகிய பிளாஸ்டிக்கும் சூடமும் கலந்த வாசனை என் கணினிப் பையில் வெகுநாள் இருந்தது. பையைத் துவைத்தேன், வெயிலில் போட்டேன். கடைசியில் பையை மாற்றினேன்.

போன வாரம் இந்தப் பத்தியில், ஒலிகளைக் கலக்கும் என் முதல் மிக்சர் கருவியைப் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் ‘மூணாம் லயம்’, ‘எட்டாங்கட்டை’ என்ற இரண்டு பெயர்களைச் சொல்லியிருந்தேன். மிக்சரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எழுதியவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இரண்டில் எது பெரிய குழு? இரண்டுக்கும் ஒலிப்பதிவு செய்தது நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள்.

சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும்.

பஸ்ஸில் நடந்த போட்டி

இந்த இரண்டு பெயர்களையும் கேள்விப்படாதவர்களுக்காக இது. கண்டியில் தமிழில் ரொக் பாடிய குழுக்கள் அதிகமில்லை. சனங்கள் பெயர் சொல்லிக் கேட்ட குழுக்கள் இந்த இரண்டும்தான்.

மூணாம் லயம் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தது. அதன் பாடகர் சீலன். ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். குழுவுக்குத் தொழிலாளர் குடியிருப்பின் பெயரை வைத்தவர் அவர்தான். வைத்தவர் லயத்தில் பிறந்தவரில்லை. முன்னால் மல்லிகைப்பூ பந்தல் போட்ட, தகரம் மாற்றிய குவாட்டர்ஸில் பிறந்தவர். குழுவில் லயத்தில் பிறந்தவன் ஒருவன்தான். அவன் பின்னால், டிரம்ஸுக்கு மறைவில் உட்கார்ந்திருந்தான்.

எட்டாங்கட்டையின் தலைவர் பஸ்லான். மடவளைக்காரர், கிட்டார் வாசிப்பவர். கலகெதர வீதியில் அவருடைய மாமாவுக்கு ஒரு மர ஆலை இருந்தது. எட்டாவது மைல்கட்டைக்குப் பக்கத்தில் என்பதால் குழுவுக்கு அந்தப் பெயர்.

ரசிகர்கள் நிகழ்ச்சிகளில் மோதிக்கொண்டதை விட பஸ்ஸில் மோதிக்கொண்டது அதிகம். ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறினால் சீலன் பாடுவார். மடவளை பஸ்ஸில் பஸ்லான் வாசிப்பார். ஒருமுறை ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஒருவர் எட்டாங்கட்டை பாட்டைப் போடச் சொன்னார். கொண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அது கேக்கணும்னா எறங்கி மடவளை பஸ்ல ஏறுங்க. மிச்சக் காசு தந்துர்றேன்.”

“நான் ஹேவாஹெட்ட போகணுமே.”

“அப்ப இவரு பாட்டக் கேட்டுக்கிட்டு வாங்க. பாதையும் இவருதுதான்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும்தான். அப்போது எனக்கு இந்தப் போட்டி பிடித்திருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் முடித்து, வானொலிப் பெட்டி திருத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டது பெரிய விஷயம். வேறு யாரிடமும் மைக் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

லோகேஸுக்கும் அதே கதைதான். வேறு டிரம்மர் கிடையாது. அதனால் சனிக்கிழமை ஒரு குழு, ஞாயிற்றுக்கிழமை மற்றக் குழு. இரண்டு குழுக்களும் ஒருவரையொருவர் திட்டும்போது நடுவில் உட்கார்ந்து குச்சியைத் துடைத்துக்கொண்டிருப்பான். பாடகர் பற்றியும் கிட்டார் பற்றியும் தொண்டை கிழியச் சண்டை போட்ட ரசிகர்கள், இரண்டு குழுவிலும் டிரம்ஸ் அடிப்பது ஒரே ஆள் என்பதைக் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

வாட்டும் மாடி

மூணாம் லயத்தின் உச்சம் ‘பனிக்கு முன்’ என்ற பாட்டு. அதோடு சேர்ந்து வந்த மற்ற நான்கும் நல்ல பாட்டுகள். எல்லாம் ஒரே வறட்சிக் காலத்தில் பதிவானவை.

பதிவு நடந்த இடம், மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி. கொழுந்து வாட்டுகிற நீள மண்டபம். பலகைத் தரை, இரண்டு பக்கமும் கண்ணாடி சன்னல். எத்தனை வருடம் பூட்டிக் கிடந்தாலும் அந்தப் பலகையிலிருந்து வாட்டிய கொழுந்தின் வாசனை போகவில்லை. ஒரு முனையில் பாடினால் மறுமுனை போய்த் திரும்பி வரும் குரல். எதிரொலிக்காக நான் எந்தக் கருவியும் சேர்க்கவில்லை. கட்டடமே செய்தது.

சீலன் பாடும்போது தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் ஓடுவார். பயிற்சி செய்து வருகிற விஷயமில்லை அது. பாட்டு முழுக்க முன்பக்கம் சாய்ந்துகொண்டு, விழப்போகிறது என்ற பயத்தில் கேட்க வைக்கும். பின்னால் டிரம்ஸ் அசையாமல் நின்றால்தான் அந்தச் சாய்வு அழகு.

‘பனிக்கு முன்’ பதிவான நாள் நன்றாக நினைவிருக்கிறது. வழக்கமான அடி சீலனுக்குப் பிடிக்கவில்லை. மைக்கை விட்டு வந்து, தொடையில் தட்டிக்கொண்டே வாயால் போட்டுக் காட்டினார்.

“லோகு, இப்பிடி ஒண்ணு. டக்கு, டடக்கு, அப்புறம் ஒரு நெறப்பு. புரியுதா?”

லோகேஸ் குச்சியைக் கீழே வைத்தான். “எங்க கேட்டீங்கண்ணே இத?”

“எங்கயும் கேக்கல. உள்ளேருந்து வருது. எங்க தாத்தா தவறுன வருசம் வந்துச்சு. அப்பத்துலேருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டேயிருக்கு.”

லோகேஸ் கையைக் காற்சட்டையில் துடைத்தான். கையைக் காற்சட்டையில் துடைத்தான். அடித்தான். சீலன் காட்டியது துண்டு துண்டாக இருந்தது. லோகேஸ் அடித்தது முழுசாக இருந்தது. சீலன் பலகை அதிரக் குதித்தார்.

“அதான். அதேதான். என் மண்டைக்குள்ள இருந்தத நீ எப்பிடிடா எடுத்த?”

லோகேஸ் சிரித்தான் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு சீலன் வானொலிப் பேட்டிகளில் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மலையிலிருந்து தனக்குள் இறங்கிய அடி என்றார். தாத்தாவின் ஆசீர்வாதம் என்றார். சொல்லச் சொல்ல மெருகு ஏறியது.

மரத்தூள்

எட்டாங்கட்டையின் உச்சம் அடுத்த மழைக்காலம். பாட்டின் பெயர் ‘மரத்தூள்’.

மர ஆலையில் பதிவு செய்ய முடியாது என்று நான் முதல் நாளே சொன்னேன். அடுத்த கொட்டகையில் அறுவை இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். எல்லா மைக்கிலும் அந்த இரைச்சல் வரும். பஸ்லான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கிட்டார் கம்பிகளைத் தளர்த்தி, இயந்திரத்தின் சுருதிக்கு இறக்கினார்.

“தங்கச்சி, இப்ப சண்ட இல்ல. மெசினும் எங்கட ஆள் தான்.”

அவர் சொன்னது சரி. அந்தப் பாட்டில் அடியில் ஒரு தம்புரா போல ஓடுவது மரம் அறுக்கும் சத்தம். பலகை முடிகிற இடத்தில் இயந்திரம் ஒரு மூச்சு விடும். பஸ்லான் அதற்காகக் காத்திருந்து அடுத்த சுரத்தைப் போடுவார். அவ்வளவு பொறுமையான கிட்டார் வாசிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஆனால் அவர் போட்ட மெட்டு நொண்டியது. எந்தத் தாளத்திலும் உட்காராது. நாள் முழுக்க முயன்றார்கள். எல்லோரும் பாணும் சம்பலும் தின்னப் போன நேரம், லோகேஸ் தனியாக உட்கார்ந்து ஒரு அடியை மெதுவாக, பாதி வேகத்தில் அடித்துப் பார்த்தான். நொண்டிய மெட்டு அதில் போய் உட்கார்ந்தது. பஸ்லான் கையில் பாணோடு ஓடி வந்தார்.

“லோகு மச்சான், இத விடாதீங்க. அல்லாவே, இத விட்டுராதீங்க.”

அதே அடி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. வேகம் பாதியானால் காது ஏமாறும். வீட்டில் போய்க் கணினியில் வேகத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இரண்டு உச்சங்களையும் ஒப்பிடச் சொன்னால், என் தீர்ப்பு இப்படி. சொல் மூணாம் லயத்துடையது. எட்டாங்கட்டையின் பாட்டு வரிகளைப் படித்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது. மெட்டு எட்டாங்கட்டையுடையது. மூணாம் லயத்துக்குப் பாட்டை முடிக்கத் தெரியாது, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் நழுவிவிடுவார்கள். எட்டாங்கட்டைக்குத் தொடங்கத் தெரியாது. கோபமாக இருக்கும்போது சீலனைக் கேட்கலாம். கோபம் ஆறிய பிறகு பஸ்லானைக் கேட்கலாம்.

இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் வாசகர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

“யாரு தவறிட்டாங்க?”

அந்த மழைக்காலம் முடிந்து வந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். என் அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். எங்கள் தோட்டத்துக்கும் லோகேஸின் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு ஆறுதான். லோகேஸின் பழுதான டிரம் ஒன்றைத் திருத்தியிருந்தேன். கொடுக்கப் போனேன்.

அவன் அப்பா பெருமாள் லயத்து வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மகன் பாட்டுக்கு வாசிக்கிறான் என்று தெரியும், கேட்டதில்லை என்றார். என் கைப்பேசியில் ‘பனிக்கு முன்’ போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். டிரம்ஸ் தொடங்கியதும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

“யாரு தவறிட்டாங்க?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “இல்ல மாமா, இது பாட்டு.”

“பாட்டுதான். யாரு சாவுக்குன்னு கேக்குறேன்.”

உள்ளேயிருந்து லோகேஸ் வந்து கைப்பேசியை வாங்கி அணைத்தான்.

அவன் என்னை ஆற்றுப் பாலம் வரை கொண்டுவந்து விட்டபோதுதான் சொன்னான். பெருமாள் தப்பு என்கிற பறை அடிப்பவர். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் யார் இறந்தாலும் அவருடைய மேள செட்டைத்தான் கூப்பிடுவார்கள். பிணம் எடுக்கும்வரை வாசலில் நின்று அடிக்க ஒரு அடி, எடுத்தபிறகு பாதையில் அடிக்க ஒரு அடி. வாசல் அடி பெருமாள் தானே கட்டியது. அவருடைய செட்டைத் தவிர வேறு எந்தச் செட்டிலும் அது கிடையாது. சீலனின் தாத்தா இறந்தபோது அந்த வாசலில் அடித்ததும் அதுதான். லோகேஸும் கூட நின்று அடித்திருக்கிறான்.

“சீலனுக்கு உன்ன அடையாளம் தெரியலையா?” என்று கேட்டேன்.

“தப்பு அடிக்கிறவன் மூஞ்சிய யாரு பாக்குறா, மாலா?”

“அப்ப சொல்லிடு. அடி உங்க அப்பாவோடதுன்னு சொல்லு. பேர் போடச் சொல்லு.”

அவன் பாலத்துக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பனியில் கம்பி ஈரமாக இருந்தது.

“ஒவ்வொரு சனிக்கிழமையும் அவங்க வீட்டுல சாப்பிடுறேன். உள்ள, மேசையில. அவங்கம்மா கையால போடுறாங்க. இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பான்னு சொல்றாங்க. நான் யாரு மகன்னு சொன்னா, எனக்கும் வாசல்தான். சொல்லாத.”

நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமை அவனுடையது.

போஸ்டர்

இரண்டு குழுக்களையும் ஒரே மேடையில் ஏற்றுவது என்று முடிவானது. கண்டியில் ஒரு மண்டபம். போஸ்டரும் அடித்தாகிவிட்டது. அதில் இரண்டு குழுக்களும் முறைத்துக்கொண்டு நிற்கும், நடுவில் மின்னல் வெட்டும்.

அப்போதுதான் சிக்கல் வந்தது. ஒரே மேடையில் இரண்டு பாட்டும் அடுத்தடுத்து வந்தால், இரண்டாவதாகப் பாடுகிறவர்கள் திருடியவர்கள் ஆகிவிடுவார்கள். ஒத்திகையில் யாரோ ‘மரத்தூள்’ பாட்டை வேகமாக வாசித்துக் காட்ட, சீலன் அதில் தன் அடியைக் கண்டுபிடித்துவிட்டார். எட்டாங்கட்டைக்காரர்கள் தங்கள் மர ஆலையில் பிறந்த அடி என்றார்கள். மூணாம் லயத்தார் மலையில் பிறந்த அடி என்றார்கள். ரசிகர்கள் அதற்குள் பஸ்ஸில் ஆரம்பித்துவிட்டார்கள். மடவளை பஸ்ஸின் பின்கண்ணாடியில் யாரோ ‘கள்ளன்’ என்று விரலால் எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். எடுத்துக் கொடுத்தவன் லோகேஸ்.

வெற்றிலை

கட்டுகஸ்தோட்டை மேல்மாடிக்குத் திரும்புகிறேன். மழை விட்டிருந்தது. கீழே கடையில் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம். எல்லோருக்கும் பிளேன்டீ வந்தது. சீலன் தன் கோப்பையை லோகேஸின் பக்கம் தள்ளி, “சீனி பாத்துச் சொல்லு” என்றார். அதுவரைக்கும் அவ்வளவு நெருக்கம்.

“இன்ஜினியரம்மா, படம் போட்டுக் காட்டுங்க” என்றார் என்னிடம்.

காட்டினேன். வேகத்தைச் சமப்படுத்தியபோது இரண்டு அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

“யாரு மொதல்?” என்றார் சீலன்.

“மூணாம் லயம் முதலில் பதிவானது. அதனால் அடி அவர்களுடையது என்று ஆகாது.”

“இதென்ன கணக்கு?”

“இரண்டு பேருடையதும் இல்லாமல் இருக்கலாம்.”

சீலன் சிரித்தார். “அப்ப கடவுள் போட்டாரா?”

“கடவுள இதுக்குள்ள இழுக்க வாணாம் மச்சான்” என்றார் பஸ்லான். “போஸ்டர்ல எடம் இல்ல.”

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். லோகேஸும் சிரித்தான். அதுதான் கடைசி.

மேடை ஏறும் முன் ஸ்பீக்கருக்குச் சூடம் காட்டுவது மூணாம் லயத்தின் வழக்கம். அதனால் சீலனின் கிட்டார்ப் பெட்டியில் எப்போதும் ஒரு சூடப் பொட்டலம் இருக்கும். கீழே இருந்து வெற்றிலை வாங்கி வரச் சொன்னார். விளையாட்டுக்குத்தான் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். தீக்குச்சியைக் கிழித்தபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

“மூணாம் லயத்தோட அடிய எட்டாங்கட்டைக்குக் குடுக்கலன்னு சொல்லி அணைச்சிடு லோகு. அதோட முடிஞ்சிது. நானும் பேச மாட்டேன்.”

பஸ்லான் தொண்டையைச் செருமினார். “இது எங்கட முறையில இல்ல. ஆனா அவர் கை வச்சா எனக்கு போதும்.”

லோகேஸ் கையை நீட்டினான். உள்ளங்கையில் குச்சி பிடித்த காய்ப்பு தெரிந்தது. சுடர் அவன் கைக்கு நேர் கீழே நின்றது.

இதை அவன் செய்திருக்கலாம். சத்தியம் பொய்யாகாது. அவன் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அணைத்திருந்தால் சனிக்கிழமைச் சாப்பாடு, இரண்டு குழு, மண்டபம், எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் சத்தியத்தின் முதல் மூன்று சொற்கள் ‘மூணாம் லயத்தோட அடி’. அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

கையை எடுத்துக்கொண்டான்.

“மூணாம் லயத்தோட அடின்னு நான் சொல்ல மாட்டேன்ணே. அது எங்கப்பாவோடது.”

“ஒங்கப்பாவா?”

“பெருமாள். தப்பு அடிக்கிறவரு. ஒங்க தாத்தா சாவுக்கு வந்தது எங்க செட்டுதான். விடிஞ்சதுலேருந்து ஒங்க வாசல்ல நின்னு அந்த அடியத்தான் அடிச்சோம். நானும் நின்னேன். நீங்க உள்ளயிருந்து கேட்டீங்க.”

கீழே கொத்து அடிப்பது நின்றிருந்தது. சீலன் லோகேஸின் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருடம் அவனுக்கு முன்னால் நின்று பாடியவர், அப்போதுதான் பார்த்தார்.

“ஒனக்கு அப்பவே தெரியுமா?”

“நீங்க தொடையில தட்டிக் காட்டுன அன்னிக்கே தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா வாசிக்க விட்டிருப்பீங்களா?”

லோகேஸ் பக்கம் தள்ளியிருந்த தன் கோப்பையைச் சீலன் பார்த்தார். அதைத் திரும்ப எடுக்கவில்லை. வேறு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார்.

முதலில் பேசியவர் பஸ்லான். அவர் குரலில் பெரிய நிம்மதி.

“அப்ப நல்லம் தானே. இது யாருட களவும் இல்ல. பாரம்பரியம். ரெண்டு பேருக்கும் பொது.”

“ஆமா” என்றார் சீலன். “நாட்டுப்புற அடி. எங்க மக்களோட சொத்து.”

மேசைக்கு மேலாக இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். நான் பார்த்தவரை அதுதான் முதல் தடவை. சூடம் அவர்கள் கைகளுக்குக் கீழே எரிந்து முடிந்தது.

“பெருமாள் கட்டிய அடி என்றல்லவா சொன்னான்” என்றேன். “அவர் பெயரைப் போடுங்கள்.”

“போஸ்டர்லயா?” என்றார் சீலன்.

“பாட்டில்.”

“இன்ஜினியரம்மா, சாவு வீட்டு மேளக்காரர் பேர பாட்டுல போட்டா யாரு கல்யாணத்துக்கு அந்தப் பாட்டப் போடுவாங்க?”

ஒரு வருடமாக அந்த அடி சொந்தம், உயிர், ஆசீர்வாதம். சொந்தக்காரருக்குப் பெயரும் ஊரும் இருக்கிறது என்று தெரிந்த நிமிடம் அது பொதுவாகிவிட்டது. லோகேஸ் எழுந்து போனான். அவன் கோப்பையில் தேநீர் பாதி இருந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. என் கணினியை மூடிப் பையில் வைக்க எனக்கு வெகுநேரம் எடுத்தது. வயர்களை ஒழுங்காகச் சுற்றி வைத்தேன்.

பிறகு

யாரும் லோகேஸை விலக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சீலனின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சனிக்கிழமைப் பயிற்சி வீட்டிலிருந்து தொழிற்சாலை மாடிக்கு மாறியது. சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். சில வாரம் லோகேஸ் போனான், பொட்டலத்தைத் திறந்து சாப்பிட்டான். பிறகு போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை.

பஸ்லான் ஒரு டிரம்ஸ் இயந்திரம் வாங்கினார். எனக்குக் காட்ட ஆசையாகக் கொண்டுவந்தார்.

“மெசின் சண்ட பிடிக்காது தங்கச்சி.”

மண்டபத்து நிகழ்ச்சி நடந்தது. இரண்டு குழுக்களும் சேர்ந்து அந்த அடியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். இயந்திரம் அடித்தது. சனம் எழுந்து ஆடியது. நான் மிக்சரில் இருந்தேன். அதுதான் அந்தக் குழுக்களுக்கு நான் செய்த கடைசி வேலை. சீலன் வழக்கம் போல் தாளத்துக்கு முன்னால் ஓடினார். பின்னால் நின்று தாங்க ஆள் இல்லை. அதனால் அவர் சும்மா அவசரப்படுகிறவர் போல இருந்தார். பஸ்லான் ஒவ்வொரு சுரத்துக்கும் காத்திருந்தார். இயந்திரம் யாருக்கும் காத்திருக்காது. அவர் பிந்திவிட்டவர் போல இருந்தார்.

அதன்பிறகு இரண்டு குழுக்களும் வெளியிட்ட பாடல்களை நான் எல்லாம் கேட்டிருக்கிறேன். ஒன்றும் நினைவில் இல்லை.

எது பெரிய குழு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். இரண்டு குழுக்களுக்கும் உச்சம் ஒரே காலத்தில் வந்து ஒரே பின்னேரத்தில் முடிந்தது. இரண்டிலும் அப்போது லோகேஸ் இருந்தான்.

இன்றைய நிலை இது. மூணாம் லயம் கல்யாணங்களுக்குப் பாடுகிறது. எட்டாங்கட்டை வருடத்துக்கு ஒரு மேடை ஏறுகிறது. சீலனும் பஸ்லானும் நல்ல நண்பர்கள். லோகேஸ் கட்டாரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். அங்கே அவன் எதையும் வாசிப்பதில்லை. பெருமாள் ஹேவாஹெட்டப் பக்கத்தில் இருக்கிறார், சாவு விழுந்தால் இப்போதும் அவர் செட்டைத்தான் கூப்பிடுகிறார்கள். ‘பனிக்கு முன்’, ‘மரத்தூள்’ இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. இரண்டின் கீழேயும் ‘தாளம்: பாரம்பரியம்’ என்று இருக்கிறது. மாற்றும்படி இரண்டு குழுக்களுக்கும் எழுதினேன். இதை எழுதுகிற இன்றுவரை மாற்றவில்லை.